பகலில் குமாஸ்தா, இரவில் நடிகர்

அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் 1888ஆம் ஆண்டு பிறந்த வில்லியம் ஜோசப் ஷீல்ட்ஸ் என்பவரை அநேகருக்குத் தெரியாது. பாரி பிட்ஸ்ஜெரால்ட் என்று சொன்னால், பழைய ஆங்கிலப் படங்களை விரும்பும் பெரியவர்கள் புன்னகை செய்வார்கள். இருவரும் ஒருவரே.

வாலிபத்தில் அவர் அரசாங்கக் குமாஸ்தா. வேலையில்லாதோருக்கு உதவித்தொகை வழங்கும் இலாகாவில் பணி செய்தார். மாலையானதும் அபே நாடக அரங்கிற்குப் போய்விடுவார். கவிஞர் யேட்ஸும் கிரிகோரி சீமாட்டியும் மற்றும் சிலரும் 1904இல் தொடங்கிய அரங்கு அது. மேலதிகாரிகளுக்குத் தெரிந்தால் தொல்லை என்பதற்காகவே புனைபெயர் சூட்டிக்கொண்டார். மேடையில் அவர் பேசிய முதல் வசனம் நாலைந்து சொற்கள்தானாம். அதிலும் நாக்குப் புரண்டு எழுத்துகள் இடம் மாற, அவையோர் சிரித்தார்களாம். நகைச்சுவையே பிறகு அவருடைய வழியாயிற்று.

1924இல் ஷான் ஓகேசி எழுதிய 'ஜூனோ அண்ட் த பேகாக்' நாடகத்தில் கேப்டன் பாயில் என்ற வேடம் கிடைத்தது. வேலை என்ற சொல்லைக் கேட்டாலே கால்வலி வந்துவிடும் சோம்பேறிக் கணவன், வாய்ப்பந்தலுக்கோ குறைவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் குடும்பம் நம் கண்முன் சிதைந்து போகும். பகலெல்லாம் வேலையில்லாதவர்களின் காரியங்களைக் கவனித்தவர், இரவில் வேலைக்கே போகாதவனாக நடித்தது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

1926இல் ஓகேசியின் அடுத்த நாடகம் 1916ஆம் ஆண்டு ஈஸ்டர் கிளர்ச்சியைப் பற்றியது. தியாகிகளை அவமதிக்கிறது என்று அரங்கில் கலகம் மூண்டது. சிலர் மேடைமீதே ஏறிவிட்டார்கள். அவர்களில் ஒருவரை நம் குமாஸ்தா ஒரே குத்தில் கீழே தள்ளினார்! அதே நாடகத்தில் நடித்த அவருடைய தம்பி ஆர்தர் ஷீல்ட்ஸோ, அந்தக் கிளர்ச்சியில் துப்பாக்கி ஏந்திச் சிறை சென்றவர்.

1929இல், 41ஆம் வயதில், அரசாங்க உத்தியோகத்தை விட்டார். நம் பெற்றோர் எவரும் இதற்குச் சம்மதிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. மறு ஆண்டே ஹிட்ச்காக் 'ஜூனோ' நாடகத்தைப் படமாக்கினார். ஆனால் கேப்டன் பாயிலாக நடித்தவர் வேறொருவர். பிட்ஸ்ஜெரால்டுக்குச் சிறிய வேடமே கிடைத்தது. நாடகத்தின் துயரம் இதுதான். திரை விழுந்ததும் நடிப்பும் மறைந்துவிடுகிறது. அவருடைய மிகச் சிறந்த வேடம் என்று பலரும் போற்றிய கேப்டன் பாயில், பார்த்தவர்களின் நினைவோடு போய்விட்டது.

1936இல் ஜான் போர்டு என்ற இயக்குநர் அவரை ஹாலிவுட்டுக்கு அழைத்தார். 1944இல் வெளிவந்த 'கோயிங் மை வே' படத்தில் வயது முதிர்ந்த பங்குத்தந்தையாக நடித்து உலகப்புகழ் பெற்றார். இத்தனைக்கும் அவர் புராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்தவர்! மேடையில் கடைசி வரிசைக்கும் குரல் எட்டவேண்டும். காமிராவுக்கோ ஒரு கண்ணிமைப்பு போதும். படத்தின் இறுதியில், அயர்லாந்திலிருந்து வந்து நிற்கும் தொண்டு கிழவியான தம் தாயை அந்தக் குருவானவர் காண்கிறார். அங்கே அவருக்கு வசனமே இல்லை. பாடற்குழு பாட, அவர் நடந்து போய்த் தாயின் தோளில் சாய்கிறார்.

இந்த ஒரே வேடத்திற்காகச் சிறந்த நடிகர், சிறந்த துணை நடிகர் ஆகிய இரண்டு ஆஸ்கார் பரிசுகளுக்கும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. துணை நடிகர் பரிசு கிடைத்தது. இப்படி மீண்டும் நிகழாதபடி விதியையே மாற்றிவிட்டார்கள். போர்க்காலத்தில் உலோகத் தட்டுப்பாடு. ஆகவே பரிசுச் சிலை சாந்தினால் செய்யப்பட்டிருந்தது. வீட்டில் கோல்ப் மட்டையைச் சுழற்றிப் பழகியபோது, பாவம், அதன் தலை பறந்துவிட்டது. பிறகு வேறு சிலை கொடுத்தார்கள்.

அதன்பின் பெரும்பாலும் முணுமுணுக்கும் ஐரிஷ் கிழவர் வேடங்களே வந்தன. 1948இல் வந்த 'நேகட் சிட்டி' படத்தில் நியூயார்க் துப்பறியும் அதிகாரியாக நடித்தது சற்று மாறுதல்.

1952இல் வெளியான 'குவயட் மேன்' படம் அயர்லாந்திலேயே பெரும்பகுதி படமாக்கப்பட்டது. பிட்ஸ்ஜெரால்ட் அதில் குதிரைவண்டி ஓட்டும் கல்யாணத் தரகர். தம்பி ஆர்தர், மிகச் சிறிய சபையையுடைய புராட்டஸ்டண்டு போதகர். அவருடைய ஆயர் பார்வையிட வரும்போது போதகரின் பதவி பறிபோகாமலிருக்க, கத்தோலிக்கக் குருவானவர் தம் கழுத்துப்பட்டையை மறைத்துக்கொண்டு, ஊர்க் கத்தோலிக்கர்களையெல்லாம் தெருவில் நிறுத்தி, புராட்டஸ்டண்டுகளைப் போல் ஆரவாரம் செய்யச் சொல்கிறார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடித்த படங்களுள் எனக்கு மிகப் பிடித்தது இது. பிட்ஸ்ஜெரால்ட் 1961இல், தாம் பிறந்த டப்ளினிலேயே காலமானார்.