பொலிஸ் நாவலும் மெய்காணும் முறையும்

மறைந்து கிடப்பதை அறிய விழைவது மக்கள் இயல்பு. புத்தூரை அடுத்த நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை என்பது வழிவழி வந்த பேச்சு. அதனைக் கேட்டு வியந்தோர் பலர். கருவி கொண்டு ஆராய்ந்தோர் சிலர். மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் உண்டென்று காட்டியவர் அச்சிலரே. வியத்தலிலும் இன்பமுண்டு, அளந்தறிதலிலும் இன்பமுண்டு. குற்றத்தைப் பொருளாகக் கொண்ட நாவல்களும் இவ்விரு இன்பங்களின் வழியே இருவகைப்படும். அவற்றுள் இரண்டாம் வகையாகிய பொலிஸ் விசாரணை நாவல் உலகெங்கணும் வாசகரைக் கவர்வது யாது காரணம் பற்றியென ஈண்டு ஆராய்வாம்.

துப்பறியுங் கதைகள் தமிழுக்குப் புதியனவல்ல. பொலிஸ் நிபுணன் ஒருவன் கண்டுபிடித்த குற்றங்களைக் கூறும் 'தானவன்' என்னும் நூலை நடேச சாஸ்திரியார் 1894ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். பின்னர் ஜே. ஆர். ரங்கராஜுவின் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும், தமிழ்வாணனின் சங்கர்லாலும் தலைமுறை தலைமுறையாக வாசகர் நெஞ்சில் இடம்பெற்றனர். இவர்கள் பிறர் காணாததைக் காண்பர். பிறர் மயங்குமிடத்துத் தெளிவர். அவர்தம் கூர்மதியை வியந்து மகிழ்வதே வாசகர் பெறும் பயனாகும்.

பொலிஸ் விசாரணை நாவலின் நெறி வேறு. அமெரிக்கரான லோரன்ஸ் திரீட் 1945இல் எழுதிய நாவலை இவ்வகைக்கு முன்னோடியாகக் கொள்வர். எட் மக்பெயின் 1956 முதல் 2005 வரை எழுதிய நாவல்வரிசையில் ஒரு பொலிஸ் நிலையமே கதைத்தலைமை பெறுகிறது. சுவீடன் நாட்டு மாய் சோவால், பெர் வாலூ என்னும் இருவர் 1965 முதல் 1975 வரை பத்து நாவல்களை இணைந்தெழுதினர். அவற்றுள் முதலாவதாகிய 'ரோசானா'வில் கால்வாயொன்றிலிருந்து பெண்ணொருத்தியின் உடல் எடுக்கப்படுகிறது. அவள் பெயரை அறியவே மாதங்கள் கழிகின்றன. அவளுடன் கப்பலிற் பயணஞ் செய்தோர் எடுத்த படங்களைப் பல நாடுகளிலிருந்தும் திரட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்தே பொலிசார் உண்மையை அணுகுகின்றனர். விசாரணையை நடத்தும் மார்ட்டின் பெக் அடிக்கடி தடிமனால் வருந்துபவர். இல்லறத்தில் அமைதி காணாதவர். பொறுமை ஒன்றே அவருக்குத் துணை.

சலிப்பூட்டுவனபோலத் தோன்றும் இச்செயல்கள் சுவை பயப்பது எங்ஙனம்? முதலாவது, ஒரு தொழிலின் உள்ளமைப்பைக் காணும் இன்பம். பிரேத பரிசோதனை, கைரேகை ஒப்பீடு, வாக்குமூலம் என்பவற்றின் வரிசை வாசகரையும் விசாரணையில் ஓர் உறுப்பினராக்குகிறது. இரண்டாவது, நம்மனையாரைக் காணும் உவகை. களைப்பும் பிழையும் மேலதிகாரியின் கடிந்துரையும் இவர்க்கும் உண்டு. மூன்றாவதே தலையாயது. இறந்தவர் எத்துணை எளியரேனும், அவர்பொருட்டு எங்கோ ஒரு குறிப்பேடு மூடப்படாதிருக்கிறது என்னும் ஆறுதல் அது. மேதை பிறத்தல் அரிது; முறையோ யாவரும் பயிலத்தக்கது. மேதையை நம்பிய நீதி அவன் இல்லாதவிடத்து இல்லையாகும். முறையை நம்பிய நீதி எவ்வூரிலும் நிலைபெறக் கூடும்.

இவ்வுணர்வு நமக்கு அயலானதன்று. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக்கொண்டு சரிபார்க்குமாறு வள்ளுவர் பணிக்கிறார். பெரியபுராணத்திலே, திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் முதிய வேதியராய் வந்த இறைவனிடத்து ஆட்சி, ஆவணம், சாட்சி என்பவற்றுள் ஒன்றைக் காட்டுமாறு கேட்கின்றனர். மூல ஓலையின் எழுத்தைச் சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்பிட்ட பின்னரே தீர்ப்புக் கூறுகின்றனர். இறைவனே வழக்காடினும் சான்று வேண்டும் என்பதன்றோ அவ்வவை கண்ட நீதி! சிலப்பதிகாரம் இதன் மறுதலையைக் காட்டும். பொற்கொல்லன் சொல்லொன்றையே நம்பிப் பாண்டியன் கோவலனைக் கொல்விக்கிறான். சிலம்பின் பரல் முத்தோ மாணிக்கமோ என்னும் சோதனை கோவலன் மாண்ட பின்னரே நிகழ்கிறது. அது முன்னரே நிகழ்ந்திருப்பின் மதுரை எரிந்திராது.

இத்தகைய மரபு இருந்தும் பொலிஸ் விசாரணை நாவல் தமிழிற் பெரிதும் தழைக்கவில்லை. ராஜேஷ்குமாரின் விவேக் குற்றப்பிரிவு அதிகாரியேயாயினும், அக்கதைகளிலும் பெரும்பாலும் முன்னிற்பது தனியொருவர் மதியே. பொலிஸ் நிலையம் உண்மை காணுமிடம் என்னும் நம்பிக்கை மக்களிடையே வேரூன்றினாலன்றி, அதனைத் தலைமையாகக் கொண்ட கதை வளர்தல் அரிது. 2009இல் முடிவுற்ற நெடும்போர்க் காலத்தில் எம்மண்ணிற் காணாமற்போனோர் பலரைப் பற்றிய வினாக்கள் விடையின்றியே கிடந்தன. 2025இல் யாழ்ப்பாணத்துச் செம்மணியில் நீதிமன்ற மேற்பார்வையிற் புதைகுழி அகழப்பட்டது. என்புகள் எண்ணிடப்பட்டன, அவற்றோடு கிடந்த பள்ளிப்பையும் பொம்மையும் பதிவு செய்யப்பட்டன. கண்டெடுத்த பொருள்கள், உரியோர் அடையாளங் காணும்பொருட்டு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அங்கே சென்றோர் வியப்பை நாடிச் சென்றாரல்லர். எண்ணிடப்பட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வேண்டுமென்றே சென்றனர்.

கதையிலே ரோசானாவின் பெயரைத் தேடி அலைந்தோரின் பொறுமை நம் நெஞ்சைத் தொடுவதற்குக் காரணமும் இதுவே. ஆதலின் இந்நாவல்களை வெறும் பொழுதுபோக்கென்று தள்ளுதல் தகாது. முறை வழுவுமிடத்தையும், அதிகாரம் உண்மையை மறைக்க முயலுமிடத்தையும் எடுத்துக்காட்டுவன இவற்றுட் பலவாகும். இவற்றைப் பயிலும் மாணவர், கொலைஞன் யாரென்று இறுதிப் பக்கத்தை நாடி விரையாது, அவ்வுண்மை எவ்வாறு அறியப்பட்டது என்பதை நோக்குவாராக. அறிந்தவாறு கேட்டுப் பழகிய உள்ளம் ஆதாரமற்ற பழிச்சொல்லை ஏற்காது. அத்தகைய உள்ளங்கள் பெருகிய நாட்டிற் கோவலர் கொலையுண்ணார்.