சீட்டுக்கு அடியில் ஒரு மஞ்சள் கனெக்டர்

கார் சீட்டைக் கழற்றுவது பார்வைக்கு நான்கு போல்ட் வேலைதான். முன்சீட் நகரும் இரண்டு தண்டவாளங்களும் முனைக்கு ஒரு போல்ட்டாகத் தரைத் தகட்டில் இறுக்கப்பட்டிருக்கின்றன. சீட் கவர் தைக்கவும், ஓடாத தண்டவாளத்தைச் சரிசெய்யவும், வெள்ளம் புகுந்த காரின் கார்ப்பெட்டை உலர்த்தவும் சீட்டை வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற சென்னைக் கார்களின் கார்ப்பெட்டை வேறு வழியில் உலர்த்தியிருக்க முடியாது. பத்தே நிமிடத்தில் வீட்டிலேயே முடித்துவிடலாம் என்று காணொளிகள் அடித்துச் சொல்கின்றன. போல்ட் வரைக்கும் அது சரி. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் இருக்கும் கனெக்டரைப் பற்றி அவற்றில் பல வாய் திறப்பதில்லை.

மஞ்சள் நிறம் ஏர்பேக் சுற்றுக்கு வாகனத் தொழில் வழக்கமாக வைத்திருக்கும் அடையாளம். பக்கவாட்டு ஏர்பேக் பெரும்பாலும் முன்சீட்டின் முதுகுச் சாய்வில், கதவுப் பக்க ஓரத்தில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். சில கார்களில் பெல்ட்டை விபத்து நேரத்தில் வெடுக்கென்று இழுத்து இறுக்கும் சிறிய வெடிமருந்துக் குழலும் சீட்டோடு சேர்ந்த பக்கிளில் உண்டு. விலை உயர்ந்த கார்களின் சமாச்சாரம் என்று இதை இனி ஒதுக்க முடியாது. ஹூண்டாய் 2023 அக்டோபரில் இந்தியாவில் விற்கும் தன் எல்லா மாடல்களிலும் ஆறு ஏர்பேக் என்று அறிவித்தது. ஆறில் இரண்டு முன்சீட்டுகளுக்குள் இருக்கின்றன.

வரலாறு சுருக்கமானது. அமெரிக்கரான ஜான் ஹெட்ரிக் 1953-இல் ஏர்பேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அது உருப்படியாகக் காருக்குள் வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. சீட்டுக்குள் பக்கவாட்டுப் பையை முதலில் வைத்தது வோல்வோ, 1994-இல், தன் 850 மாடலில். அந்தப் பையை இயக்கியது மின்சாரம் அல்ல, இயந்திர உணரி. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டால் போதும் என்ற நினைப்பு அந்தக் காரில் செல்லாது.

இன்றைய பைகளை இயக்குவது மின்சாரம். பையை நிரப்பும் வாயு உருளையின் வாயில் விரல்நுனி அளவில் ஒரு தூண்டி இருக்கிறது. அதற்குள் மயிரிழை போன்ற மின்கம்பி. மின்தடை ஏறக்குறைய 2 ஓம். கம்பியைச் சுற்றி ஒரு சிட்டிகை தீமருந்து. சுமார் 1.2 ஆம்பியர் மின்னோட்டம் 2 மில்லிநொடி பாய்ந்தால் கம்பி பழுத்து மருந்து பற்றிக்கொள்கிறது. கணக்குப் போட்டால் இதற்கு ஆகும் ஆற்றல் 6 மில்லிஜூலுக்கும் குறைவு. இவ்வளவு சிறிய தூண்டுதலுக்கே பை கண் இமைக்கும் நேரத்துக்குள் விரிகிறது. விபத்தில் உயிர் காக்க அந்த அவசரம் வேண்டும். சீட்டுக்கு அருகே தலையைக் குனிந்து ஸ்பேனர் பிடித்திருப்பவருக்கு அதே அவசரம்தான் ஆபத்து.

கழற்றிய கனெக்டருக்குத் தவறான மின்சாரம் பல வழிகளில் வரலாம். துணியில் உராய்ந்த உடம்பில் சேரும் நிலைமின் ஒரு வழி. மின்தடையை அளக்கலாமே என்று மல்டிமீட்டரை வைப்பது இன்னொன்று. சர்வீஸ் கையேடுகள் இதைத் திட்டவட்டமாகத் தடுக்கின்றன. நிலைமின்னைத் தாங்கும்படி தூண்டிகளைச் சோதித்துத்தான் விற்கிறார்கள். ஆனாலும் வடிவமைத்தவர்கள் அதை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. சீட் பக்கக் கனெக்டருக்குள் வளைந்த சிறு உலோகத் தகடு ஒன்றை வைத்தார்கள். கனெக்டரைப் பிடுங்கியதும் அந்தத் தகடு வில்லாக எழும்பி, தூண்டியின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடுகிறது. இரு முனையும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும்போது நடுவில் உள்ள கம்பியில் பாய எதுவும் மிஞ்சுவதில்லை.

வாய்க்காலில் வரும் தண்ணீரைக் கொண்டு இதை விளங்கிக்கொள்ளலாம். வயலுக்குப் போகும் மடை குறுகலானது. அதை ஒட்டியே அகலமான வடிகால் ஒன்று திறந்து கிடக்கிறது. எந்தக் கரை உடைந்து தண்ணீர் வந்தாலும் வடிகாலில் இறங்கிப் போய்விடும், வயல் நனையாது. கனெக்டரைச் செருகும்போது அதன் பிளாஸ்டிக் நாக்கு உள்ளே போய்த் தகட்டை விலக்குகிறது; வடிகாலில் பலகை விழுகிறது. அதற்குப் பிறகே வயலுக்கு நீர் ஏற வழி பிறக்கிறது. பிடுங்கினால் பலகை தானே எழும். மடை பார்க்கும் நீர்க்கட்டி ஓடி வர வேண்டியதில்லை, இரவு பகல் காவலும் வேண்டாம். இந்த வயலிலோ ஒரு கை தண்ணீர் பட்டாலே மொத்த விளைச்சலும் ஒரே மூச்சில் கிளம்பிவிடும். ஆகவே காவல் வயலின் வாசலிலேயே இருப்பதுதான் பொருத்தம். மின்சாரமும் மென்பொருளும் இல்லாமல், சில பைசா தகட்டைக் கொண்டு செய்த இந்த ஏற்பாட்டைவிட அழகான பொறியியல் காருக்குள் அதிகம் இல்லை.

தகடு வேலை செய்வது கனெக்டரைப் பிடுங்கிய பிறகு. அதற்கு முந்தைய நேரத்துக்குப் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் காத்திருப்பது ஒன்றே பாதுகாப்பு. மோதலில் பேட்டரி நசுங்கினாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக ஏர்பேக் கண்ட்ரோல் யூனிட்டுக்குள் மின்தேக்கிகள் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கின்றன. பேட்டரியை எடுத்த பிறகும் அவை சிறிது நேரம் உயிரோடு இருக்கும். டொயோட்டா 90 நொடி காத்திருக்கச் சொல்கிறது. ஹோண்டா 3 நிமிடம். எந்தக் காரானாலும் அதன் கையேடு சொல்லும் நேரமே கணக்கு. கூடுதலாக ஐந்து நிமிடம் நின்றால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

வேலையின் வரிசை இதிலிருந்தே அமைகிறது. முதலில் சீட்டைப் பின்னால் தள்ளி முன் போல்ட்டுகளையும், முன்னால் தள்ளிப் பின் போல்ட்டுகளையும் தளர்த்த வேண்டும். மோட்டாரில் நகரும் சீட்டுக்கு இது இன்னும் முக்கியம். பேட்டரியைக் கழற்றிய பிறகு அது அசையாது. பிறகு இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, காத்திருந்து, கனெக்டர்களின் பூட்டை விடுவிக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. சீட்டைத் தூக்க இரண்டு பேர் தேவை. ஏர்பேக் உள்ள ஓரம் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. தரையில் அந்த ஓரம் அடியில் வரும்படி கிடத்தவும் கூடாது. நனைந்த மெத்தையை வெப்பக் காற்று வீசி உலர்த்துவதும் கூடாது. பயணி எடையை அறியும் உணரி உள்ள சீட்டின் மேல் சாமான் அடுக்கினால் உணரி பழுதாகலாம்.

பின்சீட் பெரும்பாலும் எளிது. பல கார்களில் அமரும் பலகை கிளிப்பில் நிற்கிறது. ஹைபிரிட், மின்சாரக் கார்களில் மட்டும் ஆரஞ்சு நிற வயரைத் தொடக்கூடாது. அது உயர் மின்னழுத்தம்.

திரும்ப மாட்டும்போது இரண்டு தண்டவாளங்களும் ஒரே பல்லில் பூட்டியிருக்க வேண்டும். ஒன்று நகர்ந்திருந்தால் சீட் கோணிக்கொள்ளும்; அவசர பிரேக்கில் பூட்டு நழுவவும் வாய்ப்புண்டு. நான்கு போல்ட்டையும் முதலில் கையாலேயே சில சுற்று ஏற்றிவிட்டு, கடைசியில் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். மோதலில் சீட்டையும் ஆளையும் சேர்த்துப் பிடிப்பவை இந்த நான்கும்தான். வெள்ளம் கண்ட காரில் கனெக்டரின் முள்களில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் அதை அப்படியே செருகக் கூடாது. 2 ஓம் சுற்றில் களிம்பின் சிறு மின்தடையும் கண்ட்ரோல் யூனிட்டுக்குக் கோளாறாகத் தெரியும்.

எல்லாவற்றையும் செருகிய பிறகே பேட்டரியை இணைக்க வேண்டும். செருகும் முன்பே பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பினால் கோளாறு பதிவாகிவிடும். முதல் முறை இக்னிஷனைப் போடும்போது சீட்டில் யாரும் இருக்கக் கூடாது. ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைந்தால் சுற்று சரி. அணையாவிட்டால், பைக்குப் பதில் மின்தடையைச் செருகி விளக்கை மட்டும் அணைக்கும் மலிவு வித்தைக்கு இடம் கொடுக்கக் கூடாது. விளக்கு ஏமாறும், விபத்து ஏமாறாது. சீட் கவரிலும் எச்சரிக்கை வேண்டும்: ஏர்பேக் கிழித்து வெளிவரும் தையலை மூடாத கவர் என்று உறுதியானால் மட்டுமே மாட்டலாம். விளக்கு எரிந்தபடியே இருக்கும் கார், பதிவான கோளாறை ஸ்கேனரில் படித்துத் திருத்தும் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும்.