தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளின் நிர்வாக வரலாறு

பேரூராட்சி என்பது தமிழ்நாட்டில் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் இடைப்பட்ட உள்ளாட்சி அமைப்பாகும். பேச்சுவழக்கில் இது டவுன் பஞ்சாயத்து என அழைக்கப்படுகிறது. இந்திய அரசியலமைப்பில் நகரப் பஞ்சாயத்து எனக் குறிப்பிடப்படுவது தமிழ்நாட்டில் பேரூராட்சி எனப்படுகிறது. 2022 ஜனவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது மாநிலத்தில் 490 பேரூராட்சிகள் இருந்தன.

சிறு நகரங்களைச் சிற்றூர்களோடு சேர்ப்பதா, நகரங்களோடு சேர்ப்பதா என்ற வினா ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பல சட்டங்களில் பலவாறு விடையளிக்கப்பட்டுள்ளது. ஓர் ஊர் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதைப் பொறுத்தே அதன் வரி, அரசு மானியம், வேலைவாய்ப்புத் திட்டங்கள் ஆகியன அமைவதால், இவ்வகைப்பாடு மக்களின் அன்றாட வாழ்வை நேரடியாகப் பாதிக்கிறது.

பின்னணி

தமிழகத்தின் உள்ளாட்சி வரலாற்றைப் பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளிலிருந்து தொடங்குவது வழக்கம். முதலாம் பராந்தக சோழன் காலத்தைச் சேர்ந்த இக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. எனினும், இன்றைய பேரூராட்சிகளின் சட்ட அடிப்படை சோழர் காலத்துச் சபைகளிலிருந்து தொடர்ந்து வந்ததன்று. அது பிரித்தானிய ஆட்சியில் சென்னை மாகாணத்திற்கு இயற்றப்பட்ட சட்டங்களிலிருந்து வளர்ந்தது. உத்திரமேரூரும் 2022 தேர்தலின்போது ஒரு பேரூராட்சியாகவே இருந்தது.

வரலாறு

ஒன்றியங்கள் (1871 - 1930)

1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டம் பெரிய நகரங்களை மட்டுமே கருத்திற்கொண்டது. 1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டத்தின் கீழ், சிறு நகரங்களும் அவற்றை ஒட்டிய ஊர்களும் சேர்த்து ஒன்றியங்களாக அமைக்கப்பட்டன. இவற்றில் வீட்டு வரி வசூலிக்கப்பட்டுத் துப்புரவுப் பணிகளுக்குச் செலவிடப்பட்டது. பேரூராட்சியின் முன்னோடி இதுவே.

ரிப்பன் பிரபு 1882 மே 18 அன்று வெளியிட்ட உள்ளாட்சித் தீர்மானத்தைத் தொடர்ந்து, 1884இல் சென்னை உள்ளாட்சிக் கழகச் சட்டம் இயற்றப்பட்டது. இச்சட்டம் மாவட்டம், வட்டம், ஒன்றியம் என மூன்று அடுக்குகளை ஏற்படுத்தியது. ஒன்றியத்துள் அடங்கிய ஊர்களின் கிராமத் தலைவர்கள் பதவி வழியாகவே அதன் உறுப்பினர்களாயினர். தெருவிளக்கு, சாலைத் துப்புரவு, வடிகால், கிணறு மற்றும் குளங்களின் பராமரிப்பு ஆகியன ஒன்றியத்தின் கடமைகளாயின. அக்காலத்து ஒன்றியம் வேறு, இன்றைய ஊராட்சி ஒன்றியம் வேறு என்பது கவனிக்கத்தக்கது. ஊராட்சி ஒன்றியம் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. பல ஊராட்சிகளை உள்ளடக்கியது.

1920இல் மாவட்ட நகராட்சிகள் சட்டம், உள்ளாட்சிக் கழகச் சட்டம், கிராமப் பஞ்சாயத்துச் சட்டம் ஆகிய மூன்றும் இயற்றப்பட்டன. 1930ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒன்றியங்கள் பஞ்சாயத்துகள் ஆயின. இதனால் சிறு நகரங்களும் சிற்றூர்களும் ஒரே பெயரின் கீழ் வந்தன. 1934இல் வட்டக் கழகங்கள் ஒழிக்கப்பட்டன.

1958ஆம் ஆண்டுச் சட்டம்

1958ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துகள் சட்டம் 1960 முதல் நடைமுறைக்கு வந்தது. மக்கள்தொகை 5,000க்குக் குறையாமலும், ஆண்டு வருவாய் 10,000 ரூபாய்க்குக் குறையாமலும் உள்ள இடங்கள் நகரப் பஞ்சாயத்துகளாகவும், ஏனையவை கிராமப் பஞ்சாயத்துகளாகவும் பிரிக்கப்பட்டன. பெயரில் நகரம் என்ற சொல் இருந்தபோதிலும், சட்டத்தளவில் நகரப் பஞ்சாயத்து ஊரக உள்ளாட்சி அமைப்பாகவே இருந்தது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்தது. ஆகவே, அதற்கு முந்தைய சென்னைச் சட்டங்கள் அப்பகுதிக்குப் பொருந்தா.

தனி இயக்குநரகம்

1981இல் பேரூராட்சிகளுக்கெனத் தனி இயக்குநரகம் அமைக்கப்பட்டது. 1984இல் நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை உருவானபோது பேரூராட்சிகள் அத்துறையின் பொறுப்பில் வந்தன. இதன் விளைவாக, அடுத்த பத்தாண்டுகள் பேரூராட்சிகள் ஊரகச் சட்டத்தின் கீழும் நகர்ப்புறத் துறையின் கீழும் ஒருசேர இருந்தன.

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம்

1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளை மூன்றாக வகைப்படுத்தியது. அவற்றுள் நகரப் பஞ்சாயத்து என்பது ஊரகத்திலிருந்து நகர்ப்புறமாக மாறிவரும் பகுதிக்குரியதாகும். மக்கள்தொகை, மக்கள் அடர்த்தி, உள்ளாட்சி வருவாய், வேளாண்மை சாராத வேலைகளில் உள்ளோரின் விழுக்காடு, பொருளாதார முக்கியத்துவம் முதலியவற்றைக் கருதி ஆளுநர் அறிவிக்கை வெளியிட வேண்டும் என உறுப்பு 243கியூ கூறுகிறது. எனினும், இவற்றுக்கான எண்ணளவு எதையும் அது வரையறுக்கவில்லை. எனவே முடிவு செய்யும் அதிகாரம் நடைமுறையில் மாநில அரசிடமே உள்ளது.

தமிழ்நாட்டில் 1994இல் பேரூராட்சிகள் பஞ்சாயத்துச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டு, 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. புதிய ஏற்பாட்டின்படி முதல் தேர்தல் 1996 அக்டோபரில் நடைபெற்றது.

2004 - 2006 மாற்றங்கள்

2004 ஜூன் மாதத்தில் பேரூராட்சி என்ற நிலையே ஏறத்தாழ மறைந்தது. அப்போதிருந்த 611 பேரூராட்சிகளில் 30,000க்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட 50 பேரூராட்சிகள் மூன்றாம் நிலை நகராட்சிகளாக்கப்பட்டன. எஞ்சிய 561 பேரூராட்சிகள் சிறப்புச் சிற்றூராட்சிகளாக மாற்றப்பட்டு, 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டன. நடுவண் அரசின் ஊரக வளர்ச்சி நிதியை இவ்வூர்களும் பெறச் செய்வது இதன் நோக்கமாகும்.

2006 மே மாதத்தில் ஆட்சி மாற்றம் ஏற்பட்ட பின், ஜூலை மாதத்தில் இந்த 561 ஊர்களும் மீண்டும் பேரூராட்சிகள் ஆயின. இவ்வாறு ஒரே ஊர் 12 ஆண்டுகளுக்குள் ஊரகச் சட்டத்திலிருந்து நகர்ப்புறச் சட்டத்திற்கும், பின்னர் ஊரகச் சட்டத்திற்கும், மறுபடியும் நகர்ப்புறச் சட்டத்திற்கும் மாறியது.

அண்மைக் காலம்

நகராட்சிகளாகத் தரம் உயர்த்தப்பட்டமையாலும், மாநகராட்சிகளுடன் இணைக்கப்பட்டமையாலும் பேரூராட்சிகளின் எண்ணிக்கை பின்னர் குறைந்தது. எடுத்துக்காட்டாக, 2011இல் சென்னை மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது 8 பேரூராட்சிகள் அதனுடன் இணைக்கப்பட்டன. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தபின், 2022 வரை பேரூராட்சிகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின்றித் தனி அலுவலர்களால் நிர்வகிக்கப்பட்டன.

1998இல் இயற்றப்பட்டு, 2000இல் நிறுத்திவைக்கப்பட்ட தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், திருத்தங்களுடன் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இதன்மூலம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடைமுறையில் இருந்த 1920ஆம் ஆண்டின் சட்டம் முடிவுக்கு வந்தது.

நிர்வாகம்

பேரூராட்சி பல வார்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வார்டிலிருந்தும் ஓர் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்படுகிறார். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை பலமுறை மாறியுள்ளது. 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்கள் நேரடியாக வாக்களித்தனர். 2006, 2022 ஆண்டுகளில் உறுப்பினர்களே தலைவரைத் தேர்ந்தெடுத்தனர். 2016இல் பெண்களுக்கான இட ஒதுக்கீடு மூன்றில் ஒரு பங்கிலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அன்றாட நிர்வாகத்தைச் செயல் அலுவலர் கவனிக்கிறார்.

குடிநீர், தெருவிளக்கு, திடக்கழிவு அகற்றல், உட்சாலைகள், வடிகால் ஆகியன முதன்மைப் பணிகளாகும். சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், சந்தை மற்றும் பேருந்து நிலையக் குத்தகை, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி கிடைக்கும் பங்கு ஆகியன வருவாய் இனங்களாகும்.

பேரூராட்சிகளை ஆண்டு வருவாய் அடிப்படையில் இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை எனத் தரம் பிரிக்கும் முறை நெடுங்காலம் வழக்கில் இருந்தது. 20 லட்சம் ரூபாய்க்கு மேல் வருவாய் ஈட்டியவை சிறப்பு நிலையைச் சேர்ந்தவை.

வகைப்பாட்டின் விளைவுகள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரு வகை நகரங்கள் உள்ளன. சட்டப்படி நகர்ப்புற உள்ளாட்சி அமைப்பைப் பெற்றவை ஒரு வகை. அவ்வாறு பெறாவிடினும், 5,000 மக்கள்தொகை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் அடர்த்தி, ஆண் முதன்மைத் தொழிலாளருள் 75 விழுக்காட்டினர் வேளாண்மை சாராத் தொழிலில் இருத்தல் ஆகிய அளவைகளை நிறைவு செய்பவை மற்றொரு வகை. இவை கணக்கெடுப்பு நகரங்கள் எனப்படும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 1,097 நகரங்களில் 721 சட்டப்படியான நகரங்கள். பேரூராட்சி என்ற அடுக்கே இல்லாத கேரளத்தில் 520 நகரங்களில் 59 மட்டுமே அவ்வகையைச் சேர்ந்தவை. ஏனைய 461 கணக்கெடுப்பு நகரங்களாகும். அளவில் ஒத்த ஊர்கள் ஒரு மாநிலத்தில் பேரூராட்சியாகவும் அண்டை மாநிலத்தில் கிராமப் பஞ்சாயத்தாகவும் இருப்பதை இது காட்டுகிறது.

2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ், நூறு நாள் வேலை ஊரகப் பகுதிகளுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. இதனால் பேரூராட்சி எல்லைக்குள் வாழ்ந்த வேளாண் கூலித் தொழிலாளர்கள், சாலைக்கு அப்பால் உள்ள ஊராட்சியில் வாழ்ந்தோர் பெற்ற வேலையைப் பெற இயலவில்லை. ஊராட்சிகளைப் பேரூராட்சியுடனோ நகராட்சியுடனோ இணைக்கும் முயற்சிகளை ஊர்மக்கள் எதிர்த்தமைக்கு இதுவும், வரி உயரும் என்ற அச்சமும் முக்கியக் காரணங்களாகும். இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும் வகையில் தமிழ்நாடு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட சில பேரூராட்சிகளில் தொடங்கப்பட்டது.