நாலு மணி வெயிலும் ஒரு குச்சியும்: ஜன்னல் பிளைண்ட்ஸ் எப்படி வேலை செய்யுது?

அன்னவாசல்ல எங்க சித்தி வீட்டு முன் ரூமுக்கு ஒரு பட்டப்பேர் உண்டு: 'அடுப்பு'. மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல், மேலே காங்கிரீட் தளம். மதியம் மூணரைக்கு உள்ளே வர்ற வெயில், ஆறு மணி வரைக்கும் கட்டில் மேலயே உட்கார்ந்திருக்கும். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற தம்பி, புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு சமையலறைக்குப் போயிடுவான். கர்ட்டனை இழுத்து விட்டா இருட்டு, காத்தும் வராது. திறந்தா மறுபடியும் வெயில்.

போன ஏப்ரல்ல ஆன்லைன்ல பிளைண்ட்ஸ் வாங்கி மாட்டினாங்க. ஆபீஸ்ல எல்லாம் பார்த்திருப்பீங்களே, மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையா தொங்குமே, அந்த வெனிஷியன் வகை. ஒரே வாரத்துல சித்தியோட போன்: "காசு தண்டம்டா. மாட்டியும் வெயில் அப்படியேதான் வருது!"

நேர்ல போய்ப் பார்த்தா பிளைண்ட்ஸ்ல எந்தக் குறையும் இல்லை. தகடுகளைப் படுக்கைவாட்டில் விட்டு வெச்சிருந்தாங்க. ஓரமா தொங்குற குச்சியை ஒருத்தரும் திருகிப் பார்க்கவே இல்லை. விஷயமே அந்தக் குச்சியிலதான் இருக்கு.

பெட்டிக்குள்ள என்ன நடக்குது?

பிளைண்ட்ஸுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, மேலே ஏறி இறங்குறது. இன்னொண்ணு, தகடுகள் சாயுறது. ரெண்டுக்கும் தனித்தனிக் கயிறு.

சாயுற வேலையைச் செய்யுறது நூலேணி. தகடுகளுக்கு முன்னால ஒரு நூல், பின்னால ஒரு நூல், நடுவுல ஏணிப்படி மாதிரி குறுக்கு நூல்கள். ஒவ்வொரு தகடும் ஒரு படி மேல சும்மா படுத்திருக்கு, அவ்வளவுதான். ஒட்டவும் இல்லை, ஆணி அடிக்கவும் இல்லை. நூலேணியின் மேல் நுனிகள், உச்சியில் இருக்கும் நீளப் பெட்டிக்குள் ஒரு சின்ன உருளையில் மாட்டியிருக்கும். எல்லா உருளைகளுக்கும் நடுவே ஒரே கம்பி ஓடுது. கம்பி சுழன்றால் முன்நூல் மேலே போகும், பின்நூல் கீழே வரும். படிகள் சாயும், படியில் படுத்திருக்கும் தகடுகளும் மொத்தமாகச் சாயும்.

அந்தக் கம்பியைச் சுழற்றத்தான் குச்சி. குச்சியின் மேல்முனையில் திருகு மாதிரி மரை வெட்டிய ஒரு சின்னப் பல்சக்கர அமைப்பு இருக்கு. கிட்டார் கம்பியை முறுக்கும் சாவியிலும் இதே ஐடியாதான். குச்சியைத் திருகினால் கம்பி சுழலும். ஆனால், கம்பியால் குச்சியைத் திருப்பி சுழற்ற முடியாது. அதனால்தான் நீங்க வெச்ச சாய்விலேயே தகடு நிற்குது, எடை தாங்காமல் தானாகத் திரும்புறது இல்லை.

ஏத்தி இறக்கும் கயிறு வேற. அது எல்லாத் தகடுகளிலும் உள்ள துளை வழியா இறங்கி, அடிப்பட்டையில் முடிச்சுப் போட்டிருக்கும். இழுத்தால் அடிப்பட்டை மேலே வரும், வழியில் இருக்கும் தகடுகளை ஒவ்வொண்ணா மேல அடுக்கிக்கிட்டே போகும். கையை விட்டதும் விழாமல் இருக்க, பெட்டிக்குள் ஒரு சின்ன உருளை கயிற்றை சுவரோடு சேர்த்து நெருக்கிப் பிடிச்சுக்கும். கயிற்றைக் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்தால் பிடி விட்டுரும்.

சாய்வை மாற்றும் இந்த யோசனை பழசு. 1841-லேயே அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஜான் ஹாம்ப்சன் இதற்குக் காப்புரிமை வாங்கிட்டார்.

எத்தனை டிகிரி சாய்க்கணும்?

இங்கே கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, எட்டாங்கிளாஸ் கோணம்தான்.

சூரியன் தலைக்கு நேர் மேலே இருந்தால் 90 டிகிரி, அடிவானத்தில் இருந்தால் 0. அன்னவாசல் சுமார் 10.5 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கு. அதனால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் மதியச் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அப்போ ஜன்னலுக்குப் பிரச்னையே இல்லை, சன்ஷேடு பார்த்துக்கும். சிக்கல் சாயங்காலம்தான். ஏப்ரல் நடுவில் மாலை 4 மணிக்கு சூரியன் சுமார் 35 டிகிரிக்கு இறங்கிடும், 5 மணிக்கு 20 டிகிரி. சன்ஷேடுக்குக் கீழே புகுந்து நேரா கட்டிலுக்கு வந்துரும்.

சித்தி வீட்டுத் தகட்டின் அகலம் 25 மி.மீ. ஒரு தகட்டுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி சுமார் 21 மி.மீ. படுக்கைவாட்டில் வெச்சால், 40 டிகிரிக்கு மேலே இருந்து வர்ற வெயிலை மட்டும்தான் இது தடுக்கும். 35 டிகிரி வெயில் சந்துக்குள்ள ஜாலியா நுழைஞ்சுடும். சித்தி சொன்னது பொய் இல்லை.

இப்போ தகட்டின் வெளிவிளிம்பு கீழே போகிற மாதிரி சாய்ச்சுப் பாருங்க. 4 மணிக்கு 10 டிகிரி சாய்வே போதும். 5 மணிக்கு சுமார் 35 டிகிரி வேணும். அப்பவும் தகடுகளுக்கு நடுவே சந்து இருக்கு. ஜன்னல் கதவு திறந்திருந்தால் காத்து வரும். வாசல் தரையில் பட்டுத் திரும்புற வெளிச்சம் அந்தச் சந்து வழியா மேலே ஏறி, கூரையில் பட்டு ரூம் முழுக்கப் பரவும். கண்ணு கூசாது, லைட் போட வேண்டாம். உள்ளே இருந்து பார்த்தால் வாசல் தெரியும். தெருவில் போறவங்களுக்கு நம்ம வீட்டுக் கூரைதான் தெரியும்.

வெளிவிளிம்பை மேலே தூக்கி வெச்சால் கதை தலைகீழ். கிட்டத்தட்ட முழுசா மூடினால்தான் வெயில் நிற்கும். நிறைய வீடுகளில் 'பிளைண்ட்ஸ் போட்டாலும் இருட்டு, போடலைன்னாலும் வெயில்'னு புலம்புறதுக்கு இந்தத் தலைகீழ் சாய்வும் ஒரு காரணம்.

கண்ணாடிக்கு உள்ளேயா, வெளியேயா?

சரி, வெயில் நின்னுடுச்சு. சூடு? அது பாதிதான் தீர்ந்துச்சு.

வெயிலில் நிறுத்தின கார் ஏன் கொதிக்குது? சூரிய ஒளி கண்ணாடி வழியா உள்ளே வந்து சீட்டைச் சூடாக்குது. அந்தச் சூடு, கண்ணாடி வழியா வந்த மாதிரி சுலபமா வெளியே போக முடியாது. மூடின கண்ணாடி ஜன்னலுக்கு உள்பக்கம் தொங்கும் பிளைண்ட்ஸும் அந்த சீட் மாதிரிதான். கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்பும், மிச்சத்தை வாங்கிச் சூடாகி ரூமுக்கே கொடுத்துரும். வெளிர் நிறத் தகடு கொஞ்சம் பரவாயில்லை. ஆனால், வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துறதுதான் சரியான வழி.

இதை நம்ம ஊர்ல ஒரு கட்டடம் எப்பவோ செஞ்சு காட்டிடுச்சு. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதியான 'கோல்கொண்டா'. கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட் வடிவமைக்க, ஜார்ஜ் நகஷிமாவும் ஃப்ரான்டிசெக் சாம்மரும் உடன் உழைக்க, 1937-ல் வேலை தொடங்கி 1940-களில் முடிஞ்சது. இந்தியாவின் ஆரம்பகால நவீன காங்கிரீட் கட்டடங்களில் முக்கியமானது. அதில் வழக்கமான கண்ணாடி ஜன்னலே கிடையாது. வடக்கு, தெற்கு முகப்பு முழுக்க அகலமான கிடைமட்டப் பலகைகள். தேவைக்கேற்ப திறக்கலாம், சாய்க்கலாம், மூடலாம். கட்டடம் முழுசையும் சுத்தி ஒரு பெரிய பிளைண்ட்ஸ் மாட்டின மாதிரி! ஏசி இல்லாமல் காத்தோட்டத்தில் இயங்குற கட்டடம். நீளப்பக்கங்கள் கிழக்கு மேற்காக இல்லாமல் வடக்கு தெற்காகப் பார்க்கிறதால் சாய்வெயில் தொல்லையும் குறைவு. அந்தப் பலகைகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட். இன்னைக்கு அந்தப் பொருள் வேண்டவே வேண்டாம், உடம்புக்குக் கேடு. யோசனையை மட்டும் எடுத்துக்கலாம்.

நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. சன்ஷேடு விளிம்பில் ரெண்டு கொக்கி அடிச்சு மூங்கில் தட்டி தொங்கவிட்டாலே போதும். சுருட்டி மேலே கட்டலாம், சாயங்காலம் இறக்கலாம். வெட்டிவேர் தட்டி கிடைச்சால் தண்ணி தெளிச்சு விடுங்க, வாசனையோட குளிர்ச்சி. வெளியே தட்டி, உள்ளே பிளைண்ட்ஸ்னு ரெண்டும் இருந்தால் சூட்டைத் தட்டி பார்த்துக்கும், வெளிச்சத்தைப் பிளைண்ட்ஸ் பார்த்துக்கும்.

அந்தக் கயிறு ஆபத்து!

நான் போயிருந்த அன்னைக்கு ஒண்ணு நடந்துச்சு. தங்கச்சியோட ஒன்றரை வயசுக் குழந்தை கட்டில் மேல ஏறி, தொங்கிக்கிட்டிருந்த கயிற்றைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கிட்டு சிரிச்சுது. நாங்களும் முதல்ல சிரிச்சோம். அது கட்டிலில் இருந்து இறங்கப் பார்த்தப்போதான் எல்லோருக்கும் உயிர் போய் உயிர் வந்துச்சு.

இது அபூர்வமான பயம் இல்லை. பிளைண்ட்ஸ் கயிறு கழுத்தில் சுருக்கிக் குழந்தைகள் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கு. அமெரிக்காவில் 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பாதுகாப்புத் தரம், கடையில் ரெடிமேடாக விற்கும் பிளைண்ட்ஸில் கயிறு தொங்கக் கூடாது அல்லது குழந்தைக்கு எட்டக் கூடாதுன்னு சொல்லுது. கயிறில்லா வகையில் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங் எடையைத் தாங்கிக்கும். அடிப்பட்டையைக் கையால் தள்ளினால் ஏறும், இழுத்தால் இறங்கும்.

வீட்டில் குழந்தை இருந்தால் அதையே கேட்டு வாங்குங்க. ஏற்கெனவே கயிறு வகை மாட்டியிருந்தால், எட்டாத உயரத்தில் கொக்கி அடிச்சு எப்பவும் சுத்தி வைங்க. கட்டில், நாற்காலி, சோபா எதையும் அந்த ஜன்னல் பக்கம் போடாதீங்க.

சித்தி வீட்டில் அன்னைக்கே கட்டில் எதிர்ச்சுவருக்குப் போயிடுச்சு. கயிறு, கம்பிக்கு மேலே கொக்கியில் ஏறிடுச்சு. வெளியே ஒரு மூங்கில் தட்டி வந்துடுச்சு. ரூம் ஊட்டி ஆகலை, மேல காங்கிரீட் தளம் அப்படியேதானே இருக்கு. ஆனால், நாலு மணிக்கு தம்பி அங்கேயே உட்கார்ந்து படிக்கிறான். அஞ்சு மணிக்கு ஒருமுறை எழுந்து, குச்சியை இன்னும் ரெண்டு திருகு திருகுறான்.