பனிக்காலத்தில் வண்டி ஏன் மக்கர் பண்ணுது?



மார்கழி, தை மாதங்களில் நம் நீலகிரியில் விடியற்காலையில் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு சத்தம் கேட்கும். ‘கிர்ர்... கிர்ர்ர்... கிர்’ என்று இழுத்துவிட்டு வண்டி அப்படியே நின்றுபோகும். “வண்டிக்குக் குளிர் ஜுரம்” என்று கேலி பண்ணுவார்கள். ஆனால் மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றிய வண்டி நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் விலை போச்சு. நடுராத்திரியில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் பக்கத்து வீட்டு ஜீப்பைத்தான் நம்பி இருக்கிறோம். அதனால் இது கேலி பண்ணுகிற விஷயம் இல்லை.

வண்டிக்கு ஜுரம் எல்லாம் வராது. பேட்டரி, ஆயில், எரிபொருள் மூன்றும் ஒரே நேரத்தில் கைவிடுகின்றன. அதுதான் காரணம்.

முதலில் பேட்டரி. இதற்குள்ளே ஈயத் தகடுகளும் நீர்த்த கந்தக அமிலமும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடக்கும் வேதிவினையால்தான் மின்சாரம் வருகிறது. வெப்பம் குறைந்தால் வேதிவினை மெதுவாகும் என்று நாம் படிக்கிறோம் அல்லவா? பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸில் பேட்டரியின் ஸ்டார்ட் பண்ணும் பலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். உதகையில் உறைபனி விழுகிற நாட்களில் அதிகாலை வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருக்கும்.

இங்கேதான் சங்கதி இருக்கிறது. பேட்டரி பலம் குறைந்த அதே நேரத்தில், எஞ்சினைச் சுற்ற அதிக பலம் தேவைப்படுகிறது. ஏன்னா எஞ்சின் ஆயில் குளிரில் வெல்லப்பாகு மாதிரி கெட்டியாகிவிடும். செல்ப் மோட்டார் அந்தப் பாகுக்குள்ளே கிடக்கிற கனமான இரும்பைத் திருப்ப வேண்டும். ஆயில் டப்பாவில் 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40 என்றெல்லாம் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால் அந்த ஆயில் குளிரிலும் இளகி ஓடும். கடையில் எது விலை குறைவோ அதை வாங்கி ஊற்றுவது மலை ஊருக்குச் சரிப்படாது என்பது என் கருத்து. வண்டிக்காரர் கையேட்டில் எந்த எண் போட்டிருக்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும்.

மூன்றாவது எரிபொருள். பெட்ரோல் திரவமாக எரிவதில்லை, ஆவியாகிக் காற்றோடு கலந்துதான் எரியும். குளிரில் சரியாக ஆவியாகாது. அதனால் பெட்ரோலை அதிகமாக விட வேண்டும். பழைய வண்டிகளில் சோக் இழுப்பது இதற்குத்தான். இப்போதைய வண்டிகளில் ஒரு சென்சார் எஞ்சின் சூட்டை அளந்து சொல்ல, கம்ப்யூட்டரே அதிகமாக விட்டுக்கொள்கிறது. யார் விட்டாலும் செலவு நம்முடையது! 25 டிகிரியில் கிடைக்கிற மைலேஜைவிட மைனஸ் 7 டிகிரியில் டவுனுக்குள் ஓட்டினால் சுமார் 15 சதவீதம் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது.

டீசல் வண்டியின் கதை வேறு. அதில் பற்றவைக்க ஸ்பார்க் பிளக்கே கிடையாது. சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டு பம்ப்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும். டீசல் எஞ்சின் காற்றைச் சுமார் பதினைந்தில் ஒரு பங்கு, இன்னும் குறைவான இடத்துக்குக்கூட அமுக்கி, 500 டிகிரிக்கும் மேலே சூடாக்கும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ஆனால் ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற எஞ்சினின் சுவர் அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். பற்றாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியே வரும். இதற்காகத்தான் ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணையும்வரை பொறுத்துவிட்டு அப்புறம் செல்ப் அடிக்க வேண்டும். சில அண்ணன்கள் அந்தச் சில விநாடிகூடப் பொறுக்காமல் அடித்து, இருக்கிற பேட்டரியையும் தீர்த்துவிடுகிறார்கள்.

இன்னும் குளிரான இடத்தில் டீசலே உறையும். அதில் மெழுகு இருக்கிறது. நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கட்டியாவது போல அது கட்டியாகி ஃபில்டரை அடைத்துவிடும். லடாக்கில் இந்தத் தொல்லைக்காக டீசலில் மண்ணெண்ணெய் கலப்பார்கள், டேங்கிற்கு அடியில் தீகூட மூட்டுவார்கள். (நினைத்தாலே பயமாக இருக்கிறது.) 2019-ஆம் ஆண்டு நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. நமக்கு அந்த அளவுக்குத் தேவையில்லை.

ஒரு வேடிக்கை என்னவென்றால், எஞ்சின் ஒருமுறை சூடேறிவிட்டால் குளிர்காற்று அதற்கு நல்லது. பூஜ்ஜியம் டிகிரி காற்று 30 டிகிரி காற்றைவிடச் சுமார் பத்து சதவீதம் அடர்த்தியானது. ஆக்சிஜன் அதிகம், இழுவையும் அதிகம். அப்படியென்றால் உதகையில் வண்டி பறக்க வேண்டுமே? பறக்காது. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. குளிர் கொடுப்பதை உயரம் பிடுங்கிக்கொள்கிறது. டர்போ வைத்த வண்டிகளுக்கு மட்டும் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது.

நம் ஊர் டிரைவர்கள் ராத்திரியில் வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்துவதைக் கவனித்திருக்கிறீர்களா? காலையில் பேட்டரி கைவிட்டால், உருட்டிவிட்டு இரண்டாவது கியரில் கிளட்சை விடுவார்கள். பேட்டரியின் வேலையைப் புவியீர்ப்பு விசை செய்துவிடும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் எஞ்சின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லு மாதிரி இறுகியிருக்கும். அதனால் வண்டிக்கு முன்னால் நாம் யாரும் நிற்கவே கூடாது.

ஸ்டார்ட் ஆனவுடன் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடுவதும் தப்பு. ஆயில் மேலே ஏறிவருவதற்குள் இரும்பும் இரும்பும் தேயும். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் விட்டுவிட்டு மெதுவாக ஓட்டினால் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திய ஷெட்டுக்குள்ளே எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தூக்கம் வருவது போல இருக்கும், அப்புறம் எழுந்திருக்கவே முடியாது. வீட்டில் அப்பாவோ அண்ணனோ இப்படிச் செய்தால் கதவைத் திறந்துவிட்டுச் சொல்லுங்கள்.

மெக்கானிக் அண்ணனிடம் கேட்டு, எரிந்துபோன பழைய ஹீட்டர் பிளக் ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். இந்தத் தாளுக்குக் கீழே மேஜையில் இருக்கிறது. பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள், வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி