சட்டம் மாறுகிறது, கடைக்காரரின் கணக்கு மென்பொருள்?

புது தில்லி: நாடாளுமன்றம் நிறைவேற்றும் வரிச் சட்டம் கடைசியில் வந்து நிற்பது கடைக்காரரின் கணினியில்தான். கொச்சியில் தேவராவின் மளிகைக் கடைக்கும் மட்டாஞ்சேரியின் மிளகு மண்டிக்கும் இதில் வேறுபாடில்லை.

1990-களில் சிறு வணிகர்களுக்கு மென்பொருள் எழுதிய தனி நிரலாளர் பலர் நம்பியது ஃபாக்ஸ்ப்ரோவை. ஒரு கடைக்கு எழுதியதைச் சற்றே மாற்றி அடுத்த கடைக்கு விற்றனர். ஆடிட்டரின் பரிந்துரையே விளம்பரம். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமே நிலையான வருவாய்.

அதன் உரிமையாளரான மைக்ரோசாஃப்ட், இனிப் புதிய பதிப்பு இல்லை என 2007-ல் அறிவித்தது. 2015 ஜனவரியில் ஆதரவையும் நிறுத்தியது.

சட்டமோ நிற்கவில்லை. கேரளத்தில் 2005-ல் வாட். நாடெங்கும் 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி.; 2023 ஆகஸ்டு முதல், ரூ.5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளோர் பிற வணிகர்களுக்கு விற்கையில் மின் விலைப்பட்டியல் கட்டாயம்.

பழைய மென்பொருள் இன்னமும் இயங்கலாம். ஆனால், எழுதியவர் தொழிலை விட்டால் திருத்த ஆளில்லை. புதியதற்கு மாறினாலோ, பல்லாண்டு வரவு செலவைப் பிழையின்றிப் பெயர்த்தாக வேண்டும்.

சிறு வணிகருக்கு இலவச மென்பொருளை ஜி.எஸ்.டி. நெட்வொர்க் 2019-ல் அறிமுகப்படுத்தியது. எனினும், பழைய கணக்கைப் பெயர்க்கும் செலவு வணிகர் தலையில்தான். வரி விகிதத்தை மணிக்கணக்கில் விவாதிக்கும் அவைகள், இச்செலவையும் ஒருநாள் விவாதித்தாக வேண்டும்.