தத்துவப் பேராசிரியர்களின் பொதுக்குழு: கதவைத் திறந்து கொஞ்சம் எட்டிப் பார்ப்போமா!

பொதுக்குழு என்றதும் நமக்கு என்னென்ன நினைவுக்கு வரும்? மேடை, மைக், தீர்மானம், ‘ஒருமனதாக நிறைவேறியது’ என்ற அறிவிப்பு. அதே பொதுக்குழு தத்துவப் பேராசிரியர்களுக்கும் உண்டு! உண்மை எது, அறம் எது, மனம் எது என்று வருஷம் முழுக்க மல்லுக்கு நிற்பவர்கள் ஒரே அறையில் கூடி, போன கூட்டத்தின் குறிப்பைப் படித்து ஒப்புக்கொள்கிறார்கள், வரவு செலவு கேட்கிறார்கள், முன்மொழிகிறார்கள், வழிமொழிகிறார்கள். இதைவிட சுவாரஸ்யமான அறை உலகத்தில் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

நாம் இப்போது எட்டிப் பார்க்கப் போவது அமெரிக்கத் தத்துவச் சங்கத்தின் கிழக்குப் பிரிவை. அந்தச் சங்கத்துக்குக் கிழக்கு, மத்தி, பசிபிக் என்று மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனி மாநாடு, தனிப் பொதுக்குழு. கிழக்கின் வேர் 1901-இல் இருக்கிறது. மத்தியப் பிரிவின் வேர் அதற்கும் ஒரு வருஷம் முந்தியது. தலைவர் பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றும். 1918-இல் மேரி விட்டன் கால்கின்ஸ். பெண் என்பதற்காக ஹார்வர்ட் முனைவர் பட்டம் தர மறுத்ததே, அதே கால்கின்ஸ்! கிழக்குப் பிரிவில் 1957-இல் குவைன், 1974-இல் ஜான் ரால்ஸ். நீதி என்றால் என்ன என்று தடிமனாகப் புத்தகம் எழுதிய ரால்ஸ் ஒரு பொதுக்குழுத் தலைவர் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு அதை நினைத்தாலே குதூகலமாக இருக்கிறது.

கிழக்குப் பிரிவு மாநாடு நெடுங்காலம் டிசம்பர் 27-இல் தொடங்கும். கிறிஸ்துமஸ் முடிந்து பல்கலைக்கழகங்கள் பூட்டிக் கிடக்கும் நேரம். நகரத்துப் பெரிய ஹோட்டல் ஒன்றில் மூன்று நான்கு நாள். 2016-இலிருந்துதான் ஜனவரிக்கு மாறியது. அந்த ஹோட்டல் ஒரு கல்யாண மண்டபம் போலத்தான்: ஒரு பக்கம் சடங்கு, ஒரு பக்கம் பெண் பார்க்கும் படலம். வேலை தேடி வந்த இளைஞர்கள் கோட் சூட்டில் லிஃப்ட் வாசலில் நிற்பார்கள். நேர்முகத் தேர்வுகள் பல நடந்தது ஹோட்டல் அறைகளிலேயே. நாற்காலி போதாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்ட பேராசிரியர்கள் உண்டு! சாயங்காலம் ‘ஸ்மோக்கர்’ என்ற வரவேற்பு. மேஜைக்கு மேஜை ஒவ்வொரு கல்லூரி. கையில் கோப்பையோடு ஒவ்வொரு மேஜையாகப் போய்ப் பேச வேண்டியிருந்தது. காலையில் கேட்ட கேள்விக்கு ராத்திரி வரை பதில் தேட வேண்டியிருந்தது.

இத்தனை ஆரவாரத்துக்கு நடுவில், நிகழ்ச்சி நிரலின் ஒரு மூலையில் இருக்கிறது பொதுக்குழு. பெரும்பாலோர் அந்த நேரத்தில் காபி குடிக்கப் போய்விடுவார்கள். நான் என்றால் முதல் வரிசையில் போய் உட்காருவேன். செயலாளரின் அறிக்கை, வரவு செலவுக் கணக்கு, தீர்மானங்கள். அப்புறம், அந்தக் காலத்தில், பெயர் பரிந்துரைக்கும் குழு தயாராக வைத்திருக்கும் வேட்பாளர் பட்டியலை வாசிப்பார்கள். கடைசியில் தலைவர் ஒரு கேள்வி கேட்பார்: அவையிலிருந்து வேறு பெயர் உண்டா? வழக்கமாக யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பட்டியல் அப்படியே தேறிவிடும்.

1979 டிசம்பரில், நியூயார்க்கில், வாய் திறந்தார்கள்!

அதன் முன்கதையைச் சொன்னால்தான் ருசிக்கும். அந்த நாளில் அமெரிக்கத் தத்துவத் துறைகளில் கொடி நாட்டியிருந்தது பகுப்பாய்வுத் தத்துவம்: மொழியையும் தர்க்கத்தையும் கூர்மையாக அலசுகிற பாணி. இருத்தலியல் படித்தவர்கள், ஹைடெகர் படித்தவர்கள், வைட்ஹெட் வழியில் போனவர்கள், கருத்தை அதன் நடைமுறை விளைவால் எடைபோடும் ஜேம்ஸ், டூயி வழிவந்த பயன்வழிவாதிகள், கத்தோலிக்கக் கல்லூரிக்காரர்கள் என்று பலருக்கும் மனக்குறை. மாநாட்டில் கட்டுரை வாசிக்க இடம் இல்லை, பதவிகளில் இடம் இல்லை, எல்லாம் சில பெரிய பல்கலைக்கழகங்களின் கைக்குள் என்று. இவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகிற ஆட்களே இல்லை. ஆனாலும் ‘பன்மைவாதிகள்’ என்ற ஒரே குடையின் கீழ் திரண்டார்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் புரூஸ் வில்ஷயர் முன்னின்றவர்களில் ஒருவர். பின்னாளில் அந்தக் கலகத்தைப் பற்றி அவரே எழுதினார்.

திட்டம் எளிமையானது, அழகானது: காபி குடிக்கப் போகாமல் பொதுக்குழுவுக்கு வந்துவிடுவது! வந்தார்கள், கூட்டமாக. அவையிலிருந்து பெயரைச் சொன்னார்கள்: யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ஸ்மித், அமெரிக்கப் பயன்வழிவாதத்தில் ஊறியவர். துணைத் தலைவர் பதவிக்கு. துணைத் தலைவராக வருபவர் அடுத்துத் தலைவர் ஆவார் என்பது விதி. அதனால் இது சின்னப் பதவியே இல்லை. வாக்கெடுப்பு நடந்தது. ஸ்மித் ஜெயித்தார்!

உடனே எதிர்த்தரப்பிலிருந்து ஆட்சேபம். வாக்களித்தவர்கள் எல்லோரும் உறுப்பினர்கள்தானா? வாசலில் சரிபார்த்தது யார்? அறிவு என்பது எப்படி உறுதியாகும் என்று ஆயுள் முழுக்கக் கேட்டவர்கள், பக்கத்து நாற்காலிக்காரர் சந்தா கட்டியவரா என்பதை எப்படி உறுதி செய்வது என்று தவித்த அந்த நேரத்தில் அங்கே இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குகிறேன்.

தலைவர் நாற்காலியில் யார் தெரியுமா? ரிச்சர்ட் ரோர்ட்டி! பகுப்பாய்வுக் கோட்டையான பிரின்ஸ்டனில் பேராசிரியர். ஆனால் படித்து முனைவர் பட்டம் வாங்கியது யேலில். அதே 1979-இல்தான் அவருடைய ‘தத்துவமும் இயற்கையின் கண்ணாடியும்’ வெளியானது. நூற்றாண்டின் மூன்று பெருந்தத்துவவாதிகள் விட்கன்ஸ்டைன், ஹைடெகர், டூயி என்று அதில் அறிவித்துவிட்டு வந்திருக்கிறார். அந்த மாநாட்டில் அவர் ஆற்றிய தலைமையுரையின் பொருளும் பயன்வழிவாதம். இரண்டு பாளையமும் சொந்தம் கொண்டாடத் தக்க ஒரு மனிதர், தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்தில்! தேர்தல் முடிவு செல்லும் என்று சொன்னார் ரோர்ட்டி. சொந்தக் கோட்டையின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டு சொன்ன தீர்ப்பு அது. 1982-இல் பிரின்ஸ்டனை விட்டு வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கே போய்விட்டார்.

எது தத்துவம், எது தத்துவம் இல்லை என்பதைப் புத்தகங்கள் முடிவு செய்கின்றன என்றுதான் நாம் நினைக்கிறோம். யார் மேடையில் பேசலாம், எந்த மாணவருக்கு வேலை, எந்த நூல் பாடத்தில் என்பதெல்லாம் இப்படிப்பட்ட அறைகளிலும் முடிவாகிறது. அதனால்தான் இந்தக் கூட்டக் குறிப்புகள் மீது எனக்கு இத்தனை பிரியம். சங்கத்தின் நடவடிக்கைத் தொகுதிகளில் பொதுக்குழுக் குறிப்பும் இருக்கும், தலைமையுரையும் இருக்கும், காலமான உறுப்பினர்களுக்கு நண்பர்கள் எழுதிய சின்னச் சின்ன நினைவுக் குறிப்புகளும் இருக்கும். உலகுக்குத் தெரியாமல் ஒரு சிறு கல்லூரியில் பாடம் நடத்திய ஒருவருக்கும் அங்கே ஓர் இடம் உண்டு.

இன்று தேர்தல் இணைய வாக்குப்பதிவில் நடக்கிறது. வாசலில் சந்தா ரசீது பார்க்கும் தொல்லை இல்லை. வர முடியாதவர்களும் வாக்களிக்கலாம், அது நல்லதே.

ஸ்மித் விதிப்படி தலைவர் ஆனார். 1981 டிசம்பரில் தலைமையுரை ஆற்ற எழுந்தார். 1917-இல் டூயி, தத்துவத்துக்கு மீட்சி தேவை என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தார். ஸ்மித் தன் உரைக்குத் தலைப்பாக அதையே எடுத்து, முன்னால் ஒரு ‘புதிய’ மட்டும் சேர்த்துக்கொண்டார்.